12 வோல்ட் சார்ஜரில் 6 வோல்ட் பேட்டரி

எமர்ஜென்சி விளக்கிலும் எடைத்தராசிலும் இருக்கும் 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியை 12 வோல்ட் சார்ஜரில் நேரடியாக இணைத்தால், அது சூடேறி வயிறு உப்பிப் போகும். நடுவே ஒரு ரெசிஸ்டரைப் போட்டுச் சமாளிப்பதும் சரியல்ல; பேட்டரியில் சார்ஜ் ஏற ஏற மின்னோட்டம் குறைவதால், ரெசிஸ்டரில் இறங்கும் வோல்டேஜும் குறைந்து, பேட்டரிக்குப் போகும் வோல்டேஜ் கூடிவிடும்.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும், வோல்டேஜுக்கும் மின்னோட்டத்துக்கும் தனித்தனித் திருகுகள் கொண்ட எக்ஸ்எல் 4015 பக் கன்வெர்ட்டரை (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சிறு சர்க்யூட் பலகை) 12 வோல்ட் டிசி அடாப்டருடன் இணைத்து, பேட்டரியை மாட்டுவதற்கு முன்பே வெளியீட்டை 6.9 வோல்ட்டுக்குத் திருகி வைக்க வேண்டும். பின்னர் மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, வெளியீட்டின் இரு முனைகளையும் மீட்டர் வழியே குறுக்கிணைத்து, இரண்டாவது திருகை 0.45 ஆம்பியரில் நிறுத்த வேண்டும். வேலை முடிந்ததும் முனையைப் பழைய துளைக்கு மாற்ற மறவாதீர்கள். நான் மறந்து ஒரு ஃபியூஸை இழந்திருக்கிறேன்.

மின்சாரம் நின்றால் பேட்டரியின் சார்ஜ் கன்வெர்ட்டர் வழியே பின்னோக்கிக் கசியும் என்பதால், அப்போது பேட்டரியைக் கழற்றி வைப்பதே எளிது. இந்த 6.9 வோல்ட் கணக்கு லித்தியம் பேட்டரிக்குப் பொருந்தாது.