ஈரக் கூந்தலும் இரவுப் படிப்பும்: சிங்கப்பூர் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தொடும். விடியற்காலையில் 90க்கும் மேல் போகும். பாட்டி சொல்லித்தந்த எண்ணெய்க் குளியல், முற்றத்து வெயிலில் முடியை உலர்த்தும் வீட்டுக்கு ஏற்றது. அதையே விடுதி அறையில் இரவு 11 மணிக்கு எதையும் மாற்றாமல் செய்வதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, பாடம் முடித்து நள்ளிரவில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு கொண்டை போட்டுப் படுப்பது. நனைந்த முடி இழுத்தால் நீளும், எளிதில் அறுந்தும் போகும். தலையணையில் உரசி நடுவிலேயே முறியும். மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும் உச்சந்தலையில் நாற்றமும் அரிப்பும் வரும். தலைக்குக் குளிப்பதை மாலைக்கு மாற்றுங்கள். விளையாடிவிட்டுத் திரும்பும் நேரம் அதற்குத் தோதானது. துண்டால் தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே போகச் சிக்கெடுங்கள். அவசரமென்றால் ஹேர் டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். அந்தப் பயன் முடிக்குத்தான். பொடுகுள்ள தலையில் அதைத் தேய்த்து இரவு முழுக்க விட்டால், பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்கு அது தீனியாகும். பொடுகை வறட்சி என்று நினைத்து மேலும் மேலும் எண்ணெய் வைப்பவர்கள் நிறையப் பேர். தோள்வரை முடிக்கு 2 தேக்கரண்டி எண்ணெய் போதும். காதுக்குக் கீழே நுனிவரை தடவுங்கள். தடவிவிட்டுப் படிக்க உட்காருங்கள்: 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு, இப்படி இரண்டு சுற்று. பிறகு குளியல். இதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியிருந்தால் மூன்றாவது வாரமே கைவிட்டுவிடுவீர்கள். படிப்போடு சேர்த்தால்தான் பழக்கம் நிலைக்கும்.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கும் சீயக்காய்த் தூளை நேராகத் தலையில் கொட்டித் தேய்ப்பதும் தவறு. துகள்கள் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டு அரிக்கும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். 2 மேசைக்கரண்டித் தூளை அரைக் கோப்பை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஆறிய சாற்றை மட்டும் பயன்படுத்துங்கள். நுரை அதிகம் வராது, அதற்காக அளவைக் கூட்ட வேண்டாம். இங்குள்ள வெக்கையில் மிச்சச் சாறு சீக்கிரம் புளித்துவிடும் என்பதால், வேண்டிய அளவே கரையுங்கள். வெந்தயம் அரைத்துப் பூசுபவர்கள் முதலில் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம்.

எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் தலைக்கு வேண்டவே வேண்டாம். முன்னது மிகுந்த அமிலம். அது பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வரலாம். பின்னது காரம், முடியின் மேலடுக்கைத் திறந்து சொரசொரப்பாக்கிவிடும்.

நெற்றியோரம் வலிக்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டும் குதிரைவால் பல ஆண்டுகள் தொடர்ந்தால், அந்த ஓர முடி திரும்ப முளைக்காமலே போகலாம். கட்டும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். தேசிய சேவை (கட்டாய ராணுவ, காவல் பணி) முடிந்து முடி வளர்க்கும் தம்பிகளுக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றையும்விட அதிகம் அலைக்கழிப்பது, முடி உதிர்வின் காரணத்தைத் தவறான மாதத்தில் தேடுவது. தூக்கமின்மை, மன அழுத்தம், காய்ச்சல், பட்டினி போட்டு எடை குறைப்பது ஆகியவற்றால் வரும் முடி உதிர்வு 2 முதல் 3 மாதம் கழித்தே வெளியே தெரியும். நவம்பர் தேர்வின் பாதிப்பு பிப்ரவரியில் சீப்பில் வரும். அப்போது புது ஷாம்பூவைக் குறைசொல்லி, ஒரே வாரத்தில் நான்கு பொருள் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்றே தெரியாது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதற்கு 2 மாத அவகாசம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பே.

வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, உச்சந்தலையில் சீழோ வலியோ இருந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) செல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே தேசியத் தோல் நிலையத்துக்கு அனுப்புவார்கள். மரக்கறி மட்டும் உண்பவர்களும் மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமுள்ளவர்களும் இரும்புச்சத்துப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். முடிக்கென்று பயோட்டின் (வைட்டமின் B7) மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தைராய்டு உட்படச் சில பரிசோதனை முடிவுகளை அது தவறாகக் காட்டக்கூடும்.