தொட்டியில் அல்லி வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்லியைத் தாமரையின் தங்கையாக எண்ணுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. வெள்ளாம்பல், செவ்வல்லி, நீலோற்பலம் ஆகியவை அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாமரையோ தனிக் குடும்பம், ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரத்தோடு தாவரவியலார் ஒரே வரிசையில் (பல குடும்பங்கள் அடங்கிய பெரும்பிரிவில்) வைப்பது. வாங்கும்போது இலையைப் பாருங்கள். விளிம்பிலிருந்து காம்பு வரை பிளவுபட்டு நீரின்மேல் படுத்திருந்தால் அல்லி; பிளவின்றி வட்டமாக, முதிர்ந்தபின் நீரைவிட்டு எழுந்து நின்றால் தாமரை.

மண்ணில் செய்யும் தவறுதான் அதிகச் செடிகளைக் கொல்கிறது. மாடித்தோட்டப் பழக்கத்தில் தேங்காய்நார்க் கழிவையும் மட்கிய உரத்தையும் நிரப்பினால், நார் மிதக்கும், உரம் நீருக்கடியில் அழுகும், சில நாள்களிலேயே தொட்டி பச்சையாகி நாற்றமெடுக்கும். களிமண் மிகுந்த வயல்மண்ணே போதும். அதன்மேல் ஒரு விரல் தடிமனுக்கு ஆற்றுமணல் பரப்பினால் நீர் கலங்காது. கிழங்கின் குருத்தை மண்ணுக்குள் புதைத்துவிடாமல் வெளியே தெரியும்படி நட்டு, முதலில் சாண் ஆழத்துக்கு மட்டும் நீர் விட்டு, இலைக்காம்பு நீள நீள மட்டத்தை உயர்த்த வேண்டும்.

அழகுக்காக நீரூற்று வைப்பதும் கூடாது. மிதக்கும் அல்லி இலையின் மூச்சுத்துளைகள் மேற்புறத்தில் இருப்பதால், ஓயாமல் நீர் தெறித்து நனைந்தால் இலை நலியும். நாளுக்கு 5 அல்லது 6 மணி நேர நேரடி வெயில் இல்லாத இடத்தில் இலை வரும், பூ வராது.

பூ மூடியதும் வாடிவிட்டதென்று கிள்ளி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. வெள்ளாம்பல் மாலையில் விரிந்து மறுநாள் முற்பகலில் குவியும். நீலோற்பலம் பகலில் மலரும். ஒரே பூ 3, 4 நாள்கள் இப்படித் திறந்து மூடும். முதல் நாள் பூவின் நடுவில் சிறு கிண்ணம்போல் நீர் தேங்கியிருக்கும். வேறு பூவிலிருந்து வரும் பூச்சி அதில் விழ, அதன் உடலிலுள்ள மகரந்தம் கழுவப்பட்டுச் சூலகத்தைச் சேரும். அந்தப் பூவின் மகரந்தப்பைகள் அதன் பிறகே வெடிக்கும்.

கொசுவுக்கு அஞ்சி மருந்து தெளிக்க வேண்டாம். நான்கைந்து கப்பி மீன்கள் புழுக்களைத் தின்றுவிடும். செடி பெருகி இடம் போதாமல் போனால் கிழங்கைப் பிரித்து வேண்டியவர்களுக்குக் கொடுங்கள். வெளிநாட்டுக் கலப்பினங்களை, மீன்களை, ஊர் ஏரியில் விடாதீர்கள்.