பழைய துப்பறியும் தொடர்: டிவிடி வாங்கும் முன்
பழைய துப்பறியும் தொடர்களை டிவிடியில் சேர்ப்பவரா? உறையில் முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 1970களின் அமெரிக்க ஒரு மணி நேரத் தொடர் என்றால், விளம்பரம் போக ஒரு பகுதி சுமார் 50 நிமிடம் வரும். 45தான் என்றால், மறு ஒளிபரப்புக்காக வெட்டிய பிரதியாக இருக்கலாம். வெட்டில் போனது முக்கியமான தடயமாக இருந்தால் கதையே போச்சு! 48 என்றால் பதற வேண்டாம். பிஏஎல் என்ற ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் வந்த வட்டில், நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய ஃபிலிம் 25 ஆக ஓடும். வேகம்தான் கூடுதல், வெட்டு இல்லை.

‘முழுத் தொகுப்பு’ என்று போட்டிருந்தாலும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்கத் துப்பறியும் தொடரான ‘கொலம்போ’, தொடருக்கு முன் சோதனையாக எடுத்த இரண்டு படங்களுடன் (1968, 1971) தொடங்கி, 1978இல் நின்று, 1989இல் வேறு சேனலில் மீண்டும் வந்து 2003 வரை நீண்டது. எல்லாம் சேர்த்து மொத்தம் 69 பகுதிகள் இருக்க வேண்டும்.

அப்புறம், பழைய வட்டு என்றால் இருபுறமும் பதிவானதா என்று கேளுங்கள். அதில் படம் அச்சிட்ட பக்கமே இருக்காது. நடுத்துளையைச் சுற்றிப் பொடி எழுத்து மட்டும்தான். கைரேகையும் கீறலும் இரு பக்கமும் விழும். விற்பவரிடம் இரண்டு பக்கத்துக்கும் புகைப்படம் கேட்டு வாங்குங்கள். மண்டல எண் (வட்டு உலகின் எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்ற குறி) உங்கள் பிளேயருக்குப் பொருந்துகிறதா என்பதையும் சரிபார்த்துவிடுங்கள்.