மசில்லோடர் ரைஃபிள்: பழையதின் பழக்கத்தைப் புதியதில் காட்டும் தவறுகள்

குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கிச் சுடும் துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவில் இன்றும் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. இவர்களுக்கென 1933-இல் தொடங்கிய தேசியச் சங்கம் இந்தியானா மாநிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இன்றும் போட்டிகள் நடத்துகிறது. மசில்லோடர் என்று பொதுப்பெயர் சொன்னாலும் இதற்குள் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்று மரபு வகை: பென்சில்வேனியாவில் ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீளக்குழல் ரைஃபிளின் வழியில் வருவது, அல்லது செயின்ட் லூயிஸ் நகரில் ஹாக்கன் சகோதரர்கள் செய்ததன் வழியில் வருவது. இன்னொன்று நவீன இன்லைன் வகை. மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் 1985-இல் எம்கே-85 என்ற ரைஃபிளைக் கொண்டுவந்த பிறகு இது கடைகளை நிறைத்துவிட்டது.

வித்தியாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. மரபு வகையில் குதிரை, அதாவது அடிக்கும் சுத்தி, பக்கவாட்டில் நிற்கும். சிக்கிமுக்கிக் கல்லாலோ, கேப்பு என்ற சிறு வெடிமூடியிலோ அது அடித்து உண்டாகும் பொறி ஓர் ஓரத் துளை வழியாக வளைந்து மருந்தைத் தொட வேண்டும். இன்லைனில் பிரைமர் என்ற தீமூட்டும் சிறு மூடி மருந்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கும். தீ நேராகப் பாயும். பெரும்பாலானவற்றில் ஷாட்கன் தோட்டாவுக்குரிய 209 பிரைமர்தான்.

எது உசத்தி என்று இந்த இரு கட்சிக்காரர்களும் ஓயாமல் வாதாடுகிறார்கள். எனக்குக் கவலை அதனால் இல்லை. மருந்து, குண்டு, குழலின் முறுக்கு, துடைக்கும் முறை எல்லாம் சேர்ந்து ஒரு செட். ஒரு வகையின் செட்டிலிருந்து ஒன்றை உருவி மற்ற வகையில் செருகுவதால்தான் முக்கால்வாசித் தவறுகளும் நடக்கின்றன. அவற்றில் சில கையையோ கண்ணையோ பறிப்பவை.

மருந்தில் வரும் தவறுகள்

முதலாவது, புகையில்லா மருந்து. இன்றைய சாதாரணத் தோட்டாக்களில் இருக்கும் இந்த மருந்தை மசில்லோடரில் போடவே கூடாது. புகை கக்கும் பழைய கரிமருந்துக்காகச் செய்த குழலும், அதன் பின்பக்கத்தை அடைக்கும் பின்புறத் திருகும் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்துச் சிதறும். இன்லைன் பார்க்க நவீன ரைஃபிள் மாதிரியே இருப்பதால், "இது தாங்கும்" என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். சாவேஜ் 10எம்எல் போல அந்த மருந்துக்கென்றே வடிவமைத்தவை மிகச் சில. உங்கள் குழலின் மேல் "கரிமருந்து மட்டும்" என்று பொறித்திருந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை.

இரண்டாவது, எடைக்கும் கொள்ளளவுக்கும் உள்ள குழப்பம். மசில்லோடர் மருந்தை அளவுக் குவளையால் அளப்பதுதான் வழக்கம். அசல் கரிமருந்தில் குவளையின் 100 என்ற கோடும் தராசின் 100 கிரெயினும் (கிரெயின் என்பது சிறு எடை அளவு) ஏறக்குறைய ஒத்துப்போகும். கரிமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்துகளில் அப்படி இல்லை. பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்தில் குவளை அளவு 100 என்பது எடையில் சுமார் 70 கிரெயின்தான். தராசில் நிறுத்து 100 போட்டால் குவளைக் கணக்கில் 140-ஐத் தாண்டிவிடும். டிரிபிள் செவன் தூளோ கரிமருந்தைவிட வேகமானது. அதைக் கொள்ளளவிலேயே 15 சதவீதம் குறைத்துப் போடச் சொல்கிறார்கள். ஒரு மருந்தின் அளவைப் பெயர் மாற்றி இன்னொன்றுக்கு எழுதிக்கொள்வது ஆபத்தான சிக்கனம்.

மூன்றாவது, பற்றாத மருந்தைப் பற்ற வைக்கப் பார்ப்பது. அசல் கரிமருந்து சிறு பொறியிலேயே பிடித்துக்கொள்ளும். மாற்று மருந்துகளுக்குக் கூடுதல் சூடு வேண்டும். பிளாக்ஹார்னுக்கு 209 பிரைமர் இல்லாமல் சரிப்படாது. சிக்கிமுக்கி ரைஃபிளில் அதைப் போட்டால் வெளியே உள்ள சிறு கிண்ணியில் ரஞ்சகம் (தீமூட்டும் நைசான தூள்) மட்டும் "புஸ்" என்று எரிந்து அணையும். பைரோடெக்ஸ் என்ற மாற்று மருந்தை அழுத்திச் செய்த வில்லைகளும் அப்படித்தான்: இன்லைனின் நேர்த் தீக்காக வந்தவை அவை. ஒரு முனையில் கறுப்பாகத் தெரியும் கரிமருந்துப் பூச்சு பிரைமர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஹாக்கன் பாணி ரைஃபிளில் பின்னறை குறுகலாக இருக்கும். வில்லை அதன் வாயிலேயே தங்கிவிட, தீ போய்ச் சேராது. மூன்று வில்லை, அதாவது 150 கிரெயின், என்று பெட்டியில் போட்டிருக்கும் அளவும் அதைத் தாங்குவதாகத் தயாரிப்பாளரே சொன்ன இன்லைனுக்குத்தான். எல்லா இன்லைனுக்கும்கூட அல்ல.

அப்புறம், தூளின் பருமன். குழலின் உள்விட்டம் சுமார் .50 காலிபரும் (அரை அங்குலம்) அதற்கு மேலும் என்றால் எஃப்எஃப்ஜி, சிறிய குழலுக்கு எஃப்எஃப்எஃப்ஜி, கிண்ணியில் ரஞ்சகமாகப் போட எஃப்எஃப்எஃப்எஃப்ஜி. எஃப் கூடக் கூடத் தூள் நைசாகும், வேகமாகவும் எரியும். ரஞ்சகத் தூளைக் குழலுக்குள் கொட்டக் கூடாது.

குண்டும் முறுக்கும்

கடைக்காரர் சொன்னார் என்று ஹாக்கனுக்கு சேபாட் குண்டு (பிளாஸ்டிக் உறைக்குள் உட்காரும் குண்டு) வாங்கிவிட்டு, இலக்கில் தட்டளவுக்குச் சிதறுகிறது என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். கோளாறு ரைஃபிளில் இல்லை.

குழலுக்குள் இருக்கும் திருகுவரி எத்தனை அங்குலத்தில் குண்டை ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதுதான் முறுக்கு. உருண்டை ஈயக் குண்டுக்கு மெதுவான முறுக்கு போதும். 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். சேபாட் குண்டுகளுக்காக இன்லைன்களில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைக்கிறார்கள். 1970-இல் தாம்ப்சன் சென்டர் கொண்டுவந்த ஹாக்கனில் 48. இரண்டையும் ஓரளவு சுடலாம் என்ற சமரசம் அது. வாங்கும்போது குழலின் நீளத்தையும் கட்டையின் அழகையும் பார்க்கிறவர்கள் இந்த ஓர் எண்ணைக் கேட்பதே இல்லை.

தலைகீழாகவும் நடக்கும். வேக முறுக்குள்ள இன்லைனில் துணி சுற்றிய உருண்டைக் குண்டை வைத்து, நிறைய மருந்தும் போட்டால், குண்டு வரியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆசைக்குச் சுட்டுப் பார்ப்பதென்றால் மருந்தைக் குறைக்க வேண்டும்.

மரபு ரைஃபிளில் குண்டு சரியாகப் போகிறதா என்று அறிய இலக்கை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. குண்டைச் சுற்றிய துணி சில கெஜம் தள்ளித் தரையில் கிடக்கும். அதைப் பொறுக்கி எடுத்துப் பாருங்கள். ஓரம் பிசிறடித்து, நடுவில் கரிவட்டம் மட்டும் படிந்து, துணி முழுசாக இருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டையாகியிருந்தால் துணி மெலிசு, அல்லது எண்ணெய்ப்பசை போதவில்லை. குண்டு உட்கார்ந்த வட்டத்தில் கத்தியால் கீறியது போல வெட்டு இருந்தால் புதுக் குழலின் வரிகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன என்று பொருள். சரியான துணி இறுக்க நெய்த பருத்திதான். மெத்தை உறைக்குப் பயன்படும் கோடு போட்ட துணியை இதற்காகவே வாங்குகிறார்கள். பாலியஸ்டர் கலந்தது உருகிக் குழலில் ஒட்டும். பெட்ரோலிய எண்ணெயோ கரிமருந்துக் கசடோடு சேர்ந்து தார் மாதிரி இறுகும். தேன்மெழுகு, விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய் போன்றவையே இதற்கு ஏற்றவை.

"பழைய வகை என்றால் 50 கெஜத்துக்கு மேல் உதவாது" என்பதையும் இங்கேயே மறுத்துவிடுகிறேன். உருண்டைக் குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும் என்பது உண்மை; வேட்டையில் 100 கெஜத்துக்குள் நிறுத்திக்கொள்வதே நியாயம். ஆனால் அந்தக் குறை உருண்டை வடிவத்துடையது, வாய்வழி நிரப்புவதால் வந்ததல்ல. 1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மோர் மைதானத்தில் அயர்லாந்து அணி ரிக்பி மசில்லோடர்களோடு இறங்கியது. எதிரே, பின்வழி நிரப்பும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைஃபிள்களோடு அமெரிக்க அணி. தூரம் 800, 900, 1000 கெஜம். முடிவு 934-க்கு 931. அமெரிக்கா மூன்றே புள்ளியில் வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவரின் குண்டு வேறொருவர் இலக்கில் பட்டு வீணாகாமல் இருந்திருந்தால் கதையே வேறு.

கிட்டிக்கும்போது (கோலால் இடித்து இறக்கும்போது)

இது இரண்டு வகைக்கும் பொது. குண்டு மருந்தின் மேல் அழுந்தி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டு நின்றுவிட்டால், வெடிக்கும்போது அந்தக் குண்டே குழலை அடைக்கும் தடை ஆகிவிடும். குழல் அந்த இடத்தில் வளையமாகப் புடைக்கும் அல்லது பிளக்கும். டிரிபிள் செவனையும் 209 பிரைமரையும் சேர்த்துச் சுடும்போது மருந்தறைக்குச் சற்று முன்னால் கெட்டியான கசடு வளையம் உருவாகிறது. அடுத்த குண்டு அங்கே சிக்கும்போது "இறங்கிவிட்டது" என்று கை ஏமாந்துபோகும். அதனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். கோலில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: காலிக் குழலுக்கு ஒன்று, மருந்தும் குண்டும் சரியாக உட்கார்ந்த நிலைக்கு ஒன்று. பேசிக்கொண்டே கிட்டித்து மருந்தை மறந்தாலும், இரண்டு தடவை போட்டுவிட்டாலும், கோடு காட்டிக்கொடுக்கும்.

மரக்கோலை உச்சியில் பிடித்து ஒரே மூச்சில் அழுத்தக் கூடாது. அது சாய்வாக ஒடிந்தால் முறிந்த முனை உள்ளங்கையைத் துளைத்துவிடும். குழல்வாய்க்கு ஒரு சாணுக்குள் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். முகம் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது. மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டவும் கூடாது. உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் கையிலிருக்கும் கொம்பு முழுவதும் வெடிக்கும். தனிக் குவளையில் அளந்துதான் ஊற்ற வேண்டும்.

கேப்பு வகையில் முதல் மருந்தைப் போடுமுன் வெறும் கேப்பு ஒன்றிரண்டு வெடித்துப் பார்ப்பது நல்ல வழக்கம். பாதுகாப்பான திசையில், குழல்வாயைத் தரையில் கிடக்கும் காய்ந்த இலைக்கு அருகில் பிடியுங்கள். இலை அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் எண்ணெய் அடைத்திருக்கிறது.

சிக்கிமுக்கி வகையில் எல்லோரும் செய்வது, கிண்ணியை ரஞ்சகத்தால் நிரப்பிவிடுவது. பற்றுவாயை, அதாவது தீ உள்ளே போகும் ஓரத் துளையை, தூள் மூடிவிட்டால் அது திரி போல எரிந்து, வெடி தாமதமாகும். பற்றுவாய்க்குக் கீழே நிற்கும் அளவு கொஞ்சம் போதும். தாமதமோ, வெடிக்கவே இல்லையோ, துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டி ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் அசையாது நில்லுங்கள். திருப்பி உள்ளே எட்டிப் பார்க்கும் அந்தக் கணத்தில்தான் உயிர் போகிறது.

துடைப்பதில்

கரிமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஒரே இரவில் துரு பிடிக்கும். அதற்குச் சுடுநீரும் சோப்பும் போதும். பிறகு நன்றாகக் காயவைத்து எண்ணெய் பூசி, மறுநாள் ஒருமுறை துணி விட்டுப் பாருங்கள். பிளாக்ஹார்னுக்குத் தண்ணீர் பயன்படாது; சாதாரண ரைஃபிளுக்குரிய கரைப்பான்தான் வேண்டும். இன்லைனின் பின்புறத் திருகை ஒவ்வொரு முறையும் கழற்றித் துடைத்து, மரையில் இறுகாமல் இருக்கப் பசை பூச வேண்டும். விட்டால் அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதே பழக்கத்தில் மரபு ரைஃபிளின் பின்புறத் திருகைக் கழற்றப் போகாதீர்கள். அது நிரந்தரமாகப் பொருத்தியது.

சட்டம்

அமெரிக்காவில் "மசில்லோடர் பருவம்" என்று தனி வேட்டைக் காலம் இருப்பதால், எந்த மசில்லோடரும் செல்லும் என்று நினைத்து அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. கொலராடோவில் இன்லைனுக்கு அனுமதி உண்டு. ஆனால் அந்தப் பருவத்தில் துப்பாக்கியில் பொருத்தும் தொலைநோக்கி, சேபாட், வில்லை மருந்து மூன்றுக்கும் தடை. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் பருவத்தில் சிக்கிமுக்கி மட்டுமே. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் படித்தே ஆக வேண்டும்.

அங்கே 1968 கூட்டாட்சிச் சட்டம் பெரும்பாலான மசில்லோடர்களைப் பழம்பொருள் கணக்கில் தளர்வாக விடுகிறது. மாநிலச் சட்டங்கள் அதைவிடக் கடுமையாக இருக்கலாம். வீடியோ பார்த்துவிட்டு அதே சலுகை இங்கும் இருப்பதாக நம்ப வேண்டாம். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியும் இதே இனம்தான். 1959 ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் கட்டாயம். 1972 வன உயிரினச் சட்டப்படி வேட்டைக்குத் தடை.

பழையதை வாங்கும்போது

ஏலத்திலோ தாத்தா வீட்டுச் சுவரிலோ கிடைத்த துப்பாக்கி காலியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் நான் மிகவும் பயப்படும் தவறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863-இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய சுமார் 27,500 துப்பாக்கிகளில் 24,000 அளவில் மருந்தோடு இருந்தன என்று கணக்குச் சொல்கிறது. அவற்றில் பாதியில் இரட்டை மருந்து. நல்ல உலர்ந்த இடத்தில் இருந்தால் கரிமருந்து நூறு ஆண்டு கழித்தும் வெடிக்கும்.

கேப்போ ரஞ்சகமோ இருந்தால் முதலில் அதை அகற்றுங்கள். கோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் விரலால் பிடித்து வெளியே எடுங்கள். அதைக் குழலின் வெளிப்புறத்தில் அதே மட்டத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் முனை பற்றுவாய் அல்லது கேப்பு இடம் வரை வந்தால் காலி. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதைக் குடைந்து எடுக்க முயலாமல், குழல்வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கரிமருந்துத் துப்பாக்கி தெரிந்த கொல்லரைக் கூப்பிடுங்கள்.