பர்மாத் தமிழ் மாணவர்களுக்கு இடைக்கால இந்திய வரலாறு: போட்டித் தேர்வுக்கான தொடக்கநிலைச் செய்முறை

இடைக்கால இந்திய வரலாற்றைப் போட்டித் தேர்வுக்காகப் படிக்கத் தொடங்கும் நம் மாணவர்களில் பெரும்பாலோர் டெல்லி சுல்தான்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதிலிருந்தே தொடங்குகிறார்கள். அடிமை வம்சம், கில்ஜி, துக்ளக், சையது, லோடி என ஐந்து வம்சங்களைக் கடப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடுகிறது. அனோரதா, கியான்சித்தா, பயின்னாங் ஆகிய பர்மிய மன்னர்களைப் பள்ளியில் பர்மிய மொழியில் முன்பே படித்தவர்கள் நாம். அந்த அறிவை ஒதுக்கிவைக்காமல் அதன்மீதே இந்திய வரலாற்றை ஏற்றிவைத்துப் படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். இந்தியாவில் மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுத விரும்புவோருக்கும், தமிழ் வகுப்புகளின் வினாடி வினாப் போட்டிகளுக்கு ஆயத்தமாவோருக்கும் இது பொருந்தும்.

படி 1: நூலையும் எல்லையையும் முடிவு செய்தல்

தமிழ்நாடு அரசின் 11ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொடக்கநிலையில் அது ஒன்றே போதும். ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையுள்ள பாடங்களை, எதையும் மனப்பாடம் செய்ய முயலாமல், கதை படிப்பதுபோல் ஒருமுறை முழுவதும் படித்து முடியுங்கள்.

படி 2: நான்கு பத்தி அட்டவணை

ஒரு பெரிய தாளை எடுத்து நான்கு பத்திகளாகப் பிரித்து, வட இந்தியா, தக்காணம், தமிழகம், பர்மா என்று தலைப்பிடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக நூற்றாண்டுகளை எழுதுங்கள். முதலில் பர்மாப் பத்தியை உங்கள் நினைவிலிருந்தே நிரப்புங்கள். பிறகு அதே காலத்தில் மற்ற மூன்று இடங்களில் யார் ஆண்டார்கள் என்று பாடநூலைப் பார்த்து எழுதுங்கள்.

11ஆம் நூற்றாண்டை எடுத்துக்கொள்வோம். பர்மாவின் பழைய தலைநகரான பகானில் அனோரதா அரியணை ஏறியது 1044ஆம் ஆண்டு. முதலாம் ராஜேந்திர சோழனின் ஆட்சி முடிந்ததும் அதே ஆண்டுதான். அங்கிருந்து பின்னோக்கிச் சென்றால், ராஜேந்திரனின் கடற்படை கடாரத்தை (மலேசியாவின் இன்றைய கெடா) தாக்கிய 1025 வருகிறது. கஜினி மாமூது சோமநாதபுரத்தின்மீது படையெடுத்ததும் 1025-26இல்தான். முன்னோக்கிச் சென்றால், சோழரும் மேலைச் சாளுக்கியரும் மோதிய கொப்பம் போர் 1054இல் வருகிறது. கியான்சித்தாவின் ஆட்சிக்காலம் (1084-1113) முழுவதும் முதலாம் குலோத்துங்கனின் ஆட்சிக்காலத்துக்குள் (1070-1122) அடங்கிவிடுகிறது. நமக்குத் தெரிந்த இரண்டு பர்மிய மன்னர்களை வைத்தே ஒரு நூற்றாண்டு நிலைபெற்றுவிட்டது.

13ஆம் நூற்றாண்டில் 1287ஆம் ஆண்டைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள். மங்கோலியர் படையெடுப்பால் பகான் அரசு சிதைந்து மன்னர் நரதிகபதி கொல்லப்பட்டதும், டெல்லியில் சுல்தான் பால்பன் இறந்ததும் அந்த ஆண்டில்தான். அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன், 1279இல், மூன்றாம் ராஜேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்திருந்தது. 16ஆம் நூற்றாண்டுக்குப் பயின்னாங் (1551-1581) ஒருவரே போதும். அவர் காலத்திலேயே அக்பர் 1556இல் பட்டமேற்றார். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது.

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு அல்லது மூன்று குறிப்புகளுக்கு மேல் எழுத வேண்டாம். நெருக்கமாக நிரப்பிய அட்டவணையை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை.

படி 3: ஆண்டுக் கணக்கு

கல்வெட்டுகளில் பெரும்பாலும் சக ஆண்டு என்னும் பழைய இந்திய ஆண்டுமுறை வரும். அதோடு 78ஐக் கூட்டினால் பொது ஆண்டு கிடைக்கும். பர்மிய ஆண்டோடு 638ஐக் கூட்டிப் பழகிய நமக்கு இது கடினமன்று. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சக ஆண்டு பங்குனி, சித்திரை வாக்கில் தொடங்குவதால், ஆங்கில ஆண்டின் முதல் இரண்டு மூன்று மாதங்களில் நடந்தவற்றுக்கு 79ஐக் கூட்ட வேண்டும். தலைக்கோட்டைப் போர் சக ஆண்டு 1486இல் நடந்தது. 78ஐக் கூட்டினால் 1564 என்று வரும். போர் நடந்தது ஜனவரி மாதம் என்பதால் 1565 என்பதே சரி.

படி 4: ஒரு கல்வெட்டை முழுமையாகப் படித்தல்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பகானுக்குத் தெற்கே மியின்கபாவில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று நம் மண்ணிலேயே இருக்கும் தமிழ்ச் சான்று. தொடக்கத்தில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சுலோகம் உள்ளது; அது குலசேகர ஆழ்வாரின் முகுந்தமாலையைச் சேர்ந்தது. அதன்பின் தமிழ் உரைநடை வருகிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த ஈராயிரன் சிறியான் என்ற குலசேகர நம்பி, புக்கம் எனப்பட்ட பகானில் இருந்த நானாதேசி விண்ணகர ஆழ்வார் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு இட்டு, எரிவதற்கு ஒரு விளக்கும் கொடுத்தார் என்பதே செய்தி.

இந்தச் சில வரிகளிலிருந்து எத்தனை தேர்வுக் குறிப்புகள் கிடைக்கின்றன என்று பாருங்கள். மலைமண்டலம் என்பது கேரளம். மகோதயர்பட்டினம் இன்றைய கொடுங்கல்லூர். நானாதேசி என்பது பல நாடுகளுக்கும் சென்று வணிகம் செய்தோரைக் குறிக்கும் பெயர். விண்ணகரம் என்பது திருமால் கோயில். ஆக, வணிகர் பெயரிலேயே ஒரு வைணவக் கோயில் பௌத்தத் தலைநகரில் இருந்திருக்கிறது. ஆழ்வாரின் பெயரைத் தாங்கிய ஒரு வணிகர், அதே ஆழ்வாரின் சுலோகத்தோடு தம் கொடையைப் பதிவு செய்திருக்கிறார் என்பதில், பக்தி இயக்கம் என்ற தலைப்பும் வணிகக் குழுக்கள் என்ற தலைப்பும் ஒரே கல்லில் வந்து சேர்கின்றன. பாடநூல் இவ்விரண்டையும் தனித்தனிப் பாடங்களில் வைத்திருப்பதால் மாணவர் பலர் இந்தத் தொடர்பைக் காண்பதே இல்லை.

இதன் அருகில் இன்னும் இரண்டு கல்வெட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: தாய்லாந்தின் தகுவாபாவில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவைக் குறிப்பிடும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, சுமத்திராவின் பாரூஸ் அருகே ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைக் குறிப்பிடும் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு. பொருத்துக வகை வினாவுக்கு இம்மூன்றும் ஏற்றவை.

படி 5: பெருமையையும் சான்றையும் பிரித்தறிதல்

ராஜேந்திர சோழன் பர்மாவை வென்றான் என்று நம்மவர்கள் மேடைகளில் சொல்வதுண்டு. தேர்வுத்தாளில் அவ்வாறு எழுத வேண்டாம். அம்மன்னனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழும் பகுதி), "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று கூறி, ஸ்ரீவிஜயம் (சுமத்திராவை மையமாகக் கொண்ட கடல்வணிக அரசு), பண்ணை, மலையூர், மாப்பப்பாளம், மாநக்கவாரம், கடாரம் முதலிய இடங்களை அடுக்குகிறது. இவற்றுள் மாப்பப்பாளம் கீழ்ப் பர்மாவின் கடற்கரையாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதினர். அது முடிந்த முடிவன்று. மாநக்கவாரம் என்பது நிக்கோபார். ஒரு துறைமுகத்தைத் தாக்குவது வேறு, ஒரு நாட்டை ஆள்வது வேறு. கடாரப் படையெடுப்புக்குப் பிறகு அப்பகுதிகளில் சோழர் நிலையான ஆட்சி நடத்தவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள்.

அயல்நாட்டுச் சான்றையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். 1106இல் பகான் தூதர்கள் சீனத்துக்குச் சென்றபோது, அவர்களுக்குச் சோழத் தூதருக்குரிய மரியாதையை அளிக்கலாம் என்று பேரரசர் கூறினார். சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்குக் கட்டுப்பட்டது, பகானோ பெரிய அரசு என்று சொல்லி அதிகாரிகள் மறுத்ததாகச் சோங் அரசமரபின் குறிப்பு கூறுகிறது. சோழர் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியிருக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். எழுதியவர் எங்கிருந்து, யார் சொல்லக் கேட்டு எழுதினார் என்ற கேள்வியை ஒவ்வொரு சான்றிடமும் கேட்கப் பழகினால், கூற்று-காரணம் வகை வினாக்களில் தடுமாற மாட்டீர்கள்.

படி 6: பயணிகள்

பயணிகளின் பெயர்கள் எளிதில் குழம்பக்கூடியவை. பர்மாவையும் பார்த்தவர்களை முதலில் பிரித்தெடுங்கள்: விஜயநகரத்தையும் ஆவாவையும் கண்ட நிக்கோலோ கோண்டி, 1567இல் விஜயநகரத்திலும் 1569இல் பெகுவிலும் இருந்த வெனிஸ் வணிகர் சீசர் பிரடெரிக், அக்பர் காலத்தில் ஆக்ராவுக்கும் பிறகு பெகுவுக்கும் வந்த ரால்ப் பிட்ச். மற்றவர்களைப் பிறகு சேருங்கள்: பாண்டியநாட்டுக் காயலை விவரித்த மார்க்கோபோலோ, மதுரை சுல்தான் கியாசுதீனுக்குச் சகலை முறையான இபின் பதூதா, 1443இல் இரண்டாம் தேவராயரின் அவையைக் கண்ட அப்துர் ரசாக்.

படி 7: ஆட்சிமுறைச் சொற்கள்

இக்தா (அதிகாரிக்கு வரி வசூலிக்க ஒதுக்கிய பகுதி) டெல்லி சுல்தான்களுக்கும், மன்சப் (அதிகாரிகளின் தகுதிநிலை) முகலாயருக்கும், நாயங்கர முறை (படைப்பணிக்காக நாயக்கருக்கு நிலம் அளித்தல்) விஜயநகரத்துக்கும் உரியவை என்று தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். ஊர்ச்சபை வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) உறுப்பினரைக் குடத்தில் இட்ட ஓலைச்சீட்டால் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை மட்டும் நுணுக்கமாகப் படியுங்கள். அடிக்கடி கேட்கப்படும் பகுதி அது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் ஆண்டுகள் 919, 921. வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருத்தல், கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு ஆகியவை தகுதிகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிட முடியாது.

படி 8: வினாவை நீங்களே ஆக்குதல்

வாரத்துக்கு ஒருமுறை வெற்றுத்தாளில் நான்கு பத்திகளை வரைந்து, எதையும் பாராமல் நிரப்புங்கள். விடுபட்டவற்றை வேறு நிற மையால் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பத்தியிலிருந்தும் ஒரு நிகழ்வை எடுத்துக் காலவரிசை வினா ஒன்றை ஆக்குங்கள். எடுத்துக்காட்டாக, இரண்டாம் தரைன் போர், பாமினி அரசின் தோற்றம், உத்திரமேரூரின் முதல் கல்வெட்டு, அனோரதா முடிசூடல். விடை: 919, 1044, 1192, 1347. உடன் படிப்பவர் ஒருவரிடம் வினாவைக் கொடுத்து, அவர் ஆக்கிய வினாவை நீங்கள் வாங்கி விடையளியுங்கள். வேறு நிற மை எந்தப் பத்தியில் அதிகமாகத் தெரிகிறதோ, அடுத்த வாரம் அந்தப் பாடத்தை மறுபடி படியுங்கள்.