வளவில் முளைத்தது களையா, பயன் தரும் செடியா: பிடுங்குமுன் பார்க்க வேண்டியவை

மாரி மழை தொடங்கியதும் யாழ்ப்பாணத்துச் செம்மண் வளவுகளில் நாம் விதைக்காத செடிகள் பல முளைத்துவிடுகின்றன. எல்லாவற்றையும் உழவாரத்தால் ஒரேயடியாகச் செருக்கி எறிந்தால் கீழ்க்காய்நெல்லியும் குப்பைமேனியும் முடக்கொத்தானும் சேர்ந்தே போய்விடும். ஆகவே, செடி எங்கே நிற்கிறது, எப்படிப் பரவுகிறது என்ற இரண்டையும் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும்.

சாறணை வெங்காயப் பாத்தியில் முளைத்ததாக எடுத்துக்கொள்வோம். வெங்காயத்தின் தாள் ஒடுக்கமானது. அது நிழல் விழுத்திப் பிற செடிகளை அடக்காது. அந்தப் பாத்தியில் சாறணை படர்ந்தால் நாம் இறைக்கும் நீரையும் இடும் உரத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும் என்பதால், அங்கே அது களைதான். வேலியோரத்தில் நிற்கும் சாறணையையோ, விதை கொட்டுமுன் தளிராகக் கிள்ளி, தேங்காய்ப்பூச் சேர்த்து வறை செய்யலாம்.

கோரையிடம் இந்தத் தயவு கூடாது. அதன் கிழங்கு சித்த மருந்துக்கு உதவும் என்பது உண்மையே. ஆனால் தோட்டத்தில் விட்டுவைக்க அது காரணமாகாது. தாளைப் பிடித்து இழுத்தால் தாள் மட்டுமே வரும். மண்ணுக்குள் கிழங்குகள் மெல்லிய தண்டுகளால் ஒன்றோடொன்று தொடுத்திருக்கும். மண்வெட்டியால் கொத்தும்போது அந்தத் தொடுப்பு அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைக்கின்றன. மண் ஈரமாக இருக்கும்போது ஆழக் கிளறி, கிழங்குகளைப் பொறுக்கி, கடும் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

பாதீனியத்தை எந்த மூலையிலும் விடக்கூடாது. அது இலங்கையில் சட்டப்படி தடைசெய்யப்பட்ட களை. இளஞ்செடியின் இலை கரட் இலையைப் போலப் பிளவுபட்டிருப்பதால் கரட் பாத்தியில் எளிதில் தப்பிவிடும். பின்னர் சிறு வெண்பூக்கள் கொத்தாக வரும். தொட்டால் தோல் அரிக்கும், மகரந்தம் மூச்சிழுப்பைத் தூண்டும், ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளைக் கொட்டும். எனவே கையுறை அணிந்து, பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். பூத்த செடியைக் கூட்டெருக் குவியலில் போடாதீர்கள்.

மருந்துக்கென விடும் செடியை அடையாளம் உறுதியாகத் தெரிந்தே பயன்படுத்துங்கள். கீழ்க்காய்நெல்லியின் ஈர்க்கைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் சிறு பச்சைக் காய்கள் வரிசையாக இருக்கும். பெயர் தெரியாத செடியாயின் ஒன்றை மட்டும் பூக்கும்வரை விட்டு, விதை கொட்டுமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிக் கேளுங்கள்.