லினக்ஸுக்காகத் தொடக்கநிலை மடிக்கணினி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் நிறுவுவதற்கென்று விலை குறைந்த மடிக்கணினியைத் தேடுபவர்கள் பலரும் செயலியின் பெயரைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். இன்டெல், ஏஎம்டி செயலிகளும் அவற்றோடு இணைந்துவரும் கிராஃபிக்ஸும் லினக்ஸில் பெரும்பாலும் தொல்லையின்றி இயங்குபவை. சிக்கல் எழுவது விளம்பரத்தில் இடம்பெறாத சிறு சிப்களில்தான்.

அவற்றில் முதன்மையானது வைஃபை. இன்டெல் வைஃபை அட்டைகளுக்கான டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே உண்டு. பிராட்காம் சிப்கள் பலவற்றுக்குத் தனியுரிம டிரைவரைப் பிறகு நிறுவ வேண்டியிருக்கும். ரியல்டெக் சிப்கள் சிலவற்றுக்கான ஆதரவு கெர்னலுக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. டிரைவர் இல்லாவிட்டால் இணையம் கிடைக்காது, இணையம் இல்லாமல் டிரைவரைப் பதிவிறக்கவும் இயலாது. மெலிதான மடிக்கணினிகள் பலவற்றில் ஈதர்நெட் போர்ட்டும் இருப்பதில்லை. (கைபேசியின் யுஎஸ்பி டெதரிங் இங்கே கைகொடுக்கும்.) ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு வைஃபை சிப்கள் பொருத்தி விற்கப்படுவதும் உண்டு என்பதால், அதே மாடலை வைத்திருக்கும் இன்னொருவரின் அனுபவத்தை மட்டும் நம்பி வாங்குவது தவறு. வாய்ப்பிருந்தால் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலேயே லினக்ஸை இயக்கிப் பார்க்க உதவும் பென்டிரைவ்) துவக்கி, வைஃபை, ஒலி, கேமரா ஆகியவற்றைச் சோதித்து, மூடியைச் சாத்திச் சற்றுப் பொறுத்துத் திறந்தால் கணினி உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

அண்மையில் வெளிவந்த மாடலே சிறந்தது என்ற எண்ணமும் இங்கே பொருந்தாது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு, கெர்னல் 6.1 உடன் வந்தது. அதற்குப் பின் சந்தைக்கு வந்த சிப்களை அந்தக் கெர்னல் அடையாளம் காணாமல் போகலாம். பணம் குறைவு என்றால், புத்தம் புதிய மலிவு மாடலைவிட, அலுவலகப் பயன்பாட்டுக்கென்று தயாரிக்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆன மடிக்கணினியையே நான் பரிந்துரைப்பேன்.

லினக்ஸ் இலகுவானது, 4 ஜிபி ரேம் போதும் என்பது பாதி உண்மை. இயங்குதளம் சிக்கனமாக இருந்தாலும் பிரவுசர் அப்படி இருப்பதில்லை. போர்டிலேயே பற்றவைத்த ரேமையும் இஎம்எம்சி எனப்படும் மலிவு வகை ஃபிளாஷ் சேமிப்பகத்தையும் பின்னால் மாற்ற இயலாது என்பதால், 8 ஜிபி ரேமும் கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டியும் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஏஆர்எம் செயலி (கைபேசிகளில் காணப்படும் வகை) கொண்டவற்றையும் கூகுளின் குரோம்ஓஎஸ் உடன் வரும் குரோம்புக்குகளையும் தொடக்கநிலையினர் தவிர்ப்பதே மேல்.

லினக்ஸை நிறுவும் நிரல் கணினியின் வட்டையே காட்டவில்லை என்பதற்காக மடிக்கணினியைத் திருப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். இன்டெல் கணினிகளில், பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) ஆர்எஸ்டி என்ற இன்டெலின் சேமிப்பக முறை இயக்கத்தில் இருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். அந்த அமைப்பு இருந்தால் அதை ஏஹெச்சிஐ என்ற பொதுவான சேமிப்பக முறைக்கு மாற்றியதும் வட்டு தென்படும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்புபவர், அதை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தாமல் இந்த மாற்றத்தைச் செய்தால் விண்டோஸ் துவங்காது.